கடிக்கிற கிளிக்குப் புகுந்த வீடு

மீனாட்சியம்மன் கையிலும் ஆண்டாள் கையிலும் வீற்றிருக்கும் கிளியைப் பார்த்தால், அதைவிடச் சாதுவான ஜீவன் உலகத்தில் உண்டா என்று தோன்றும். வீட்டில் வளர்க்கிறவர்களைக் கேட்டால் அல்லவா தெரியும் அதன் மூக்கின் மகிமை! பாதாம் கொட்டையை உடைக்கிற அலகுக்குக் குழந்தையின் விரல் எம்மாத்திரம்? "போதும் இதன் சகவாசம், யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்துவிடுகிறது.

முதலில் அது எந்த இனத்துக் கிளி என்று பாருங்கள். நம் ஊர்ப் பச்சைக் கிளியானால், அதை யாருக்கும் தானம் செய்ய உங்களுக்கு உரிமை கிடையாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையினரிடம் ஒப்படைப்பதுதான் வழி. ஜன்னலைத் திறந்து பறக்கவிட்டால் புண்ணியம் என்று எண்ண வேண்டாம். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. பூனைக்குத் தப்பவும் தெரியாது.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா, காக்கட்டூ போன்ற அயல்நாட்டுக் கிளிகளின் கதை வேறு. 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி இவற்றைப் 'பரிவேஷ்' என்ற அரசாங்க இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கிளி கைமாறினால் அதையும் தெரிவித்தாக வேண்டும்.

சரி, கிளி ஏன் கடிக்கிறது? சுபாவமே கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். உடம்பில் வலி இருக்கலாம். ஆகவே முதலில் பறவை வைத்தியரிடம் காட்டுங்கள். பருவ வயது வந்த கிளி முரண்டு பிடிப்பதும் உண்டு. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்காவிட்டால் சிடுசிடுப்பு வரும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால், வால் விசிறிபோல் மலர்ந்தால், "கிட்டே வராதே" என்று அர்த்தம். அதைக் கவனியாமல் கையை நீட்டினால் கடிக்காமல் என்ன செய்யும்?

இவ்வளவும் பார்த்த பிறகும் உங்கள் வீடு அதற்கு ஒத்துவரவில்லை என்றால், பெண்ணுக்கு இடம் தேடுகிற மாதிரியே நிதானமாகத் தேடுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீடும் வேண்டாம். கிளி வளர்த்துப் பழகியவர்களாக இருந்தால் விசேஷம். சாம்பல் கிளி 40, 50 வருஷங்கூட இருக்கும், ஆகையால் "உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கூசாமல் கேளுங்கள். அவர்கள் நாலைந்து முறை வந்து பழகட்டும். கிளியோடு அதன் கூண்டு, விளையாட்டுச் சாமான், சாப்பாட்டு வழக்கம் எல்லாம் போகட்டும்; புது இடத்தில் பழைய கூண்டே அதற்குப் பெரிய ஆறுதல்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். இந்தச் சம்பந்தத்தில் மட்டும் ஒரு பொய்யும் உதவாது. யாரைக் கடிக்கிறது, எப்போது கடிக்கிறது, எதைக் கண்டால் மிரளுகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கொடுத்தால், அங்கேயும் கடிக்கும். அவர்கள் இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். வீட்டுக்கு வீடு மாறுகிற கிளிக்கு மனிதர்களிடம் உள்ள நம்பிக்கை குறைந்துகொண்டே போகும், கடி அதிகமாகும்.

உண்மையைக் கேட்டு நாலு பேர் பின்வாங்கலாம். பின்வாங்கட்டும், கவலைப்படாதீர்கள். எல்லாம் கேட்ட பிறகும், "பரவாயில்லை, கொடுங்கள், மெள்ளப் பழக்கிக்கொள்கிறோம்" என்கிறார்களே, அவர்கள் வீடுதான் உங்கள் கிளிக்கு ஏற்ற வீடு.