படிவக் கட்டத்தின் முழுப்பெயர்

கடன் விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பதாரர் என்னும் தலைப்பின்கீழ் பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகிய கட்டங்கள். சற்றுக் கீழே ஜாமீன்தாரர். அங்கும் பெயர், முகவரி, பிறந்த தேதி. கையால் எழுதும் நமக்கு இதில் குழப்பமில்லை. கண் தலைப்பையும் சேர்த்தே பார்த்துவிடுகிறது. அதே படிவத்தைக் கணிப்பொறி நிரப்பினால்? 'பெயர்' என்ற கட்டத்தைத் தேடு என்றால் எந்தப் பெயரை அது தேடும்?

அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட பி.டி.எஃப். கோப்பு வகையில், நிரப்பத்தக்க படிவங்கள் 1996-இல் இடம்பெற்றன. இவற்றில் கட்டங்கள் கிளைவிட்ட மரம்போல் அமைந்துள்ளன. கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறும்பெயர். அடியிலிருந்து நுனிவரை குறும்பெயர்களைப் புள்ளியிட்டுக் கோத்தால் கிடைப்பதே முழுப்பெயர்: 'ஜாமீன்தாரர்.பெயர்' என்பதுபோல. இதனால் குறும்பெயருக்குள் புள்ளி வரக்கூடாது என்பது விதி. வியப்பு என்னவென்றால், இந்த முழுப்பெயர் கோப்பில் எங்குமே எழுதப்பட்டிருப்பதில்லை! படிக்கும் நிரல்தான் அதைக் கோத்துக்கொள்ள வேண்டும்.

தேடும்போது முழுப்பெயரைப் புள்ளிகளில் பிரிக்க வேண்டும். முதலில் 'ஜாமீன்தாரர்' கிளையைக் கண்டு, பிறகு அதன் பிள்ளைகளுக்குள் மட்டும் 'பெயர்' எது என்று பார்க்க வேண்டும். சோம்பல்பட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் ஒப்பிடும் நிரல், முதலில் அகப்படும் 'பெயர்' கட்டத்தில் எழுதிவிடும். ஜாமீன் நின்றவர் கடன் வாங்கியவராகிவிடுவார்! பிழைச் செய்தியும் வராது. படிவம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும்.

மரத்தில் குறும்பெயர் இல்லாத நுனிகளும் உண்டு. விண்ணப்ப எண் ஐந்து பக்கங்களிலும் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டம் ஒன்றே, பக்கத்துக்கு ஒன்றாக ஐந்து தோற்றங்கள். அவற்றுக்குத் தனிப்பெயர் இல்லை, தாயின் பெயரே பெயர். ஒரே முழுப்பெயர் என்றால் ஒரே மதிப்புத்தான். தோற்றங்களைத் தனிக் கட்டங்களாக எண்ணும் நிரல் இல்லாத பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

சில வடிவமைப்புக் கருவிகள் 'படிவம்[0].பக்கம்[0].பெயர்[0]' என்ற பாணியில் பெயரிடுகின்றன. அடைப்புக்குள் உள்ள எண்ணும் பெயரின் பகுதியே. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது. அதை விட்டுவிட்டுத் தேடினால் கட்டம் கிடைக்காது. கிடைக்காதபோது நிரல் நின்று சொல்லிவிடுவதே நல்லது. 'ஏறத்தாழப் பொருந்துவதை' எடுத்துக்கொள்ள விடக்கூடாது.

கட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால், ஒவ்வொரு முறையும் மரம் ஏறி இறங்குவது வீண்வேலை. கோப்பைத் திறந்ததும் ஒருமுறை மரம் முழுவதும் நடந்து முழுப்பெயர்ப் பட்டியல் தயாரித்துவிடலாம். இடையில் ஒரு கிளையின் பெயரை மாற்றினால் அதன் கீழுள்ள எல்லா முழுப்பெயர்களும் மாறிவிடும். அப்போது பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும்.