மூக்கடைப்பு எப்போது ஆபத்து?

மழைக்காலம் வந்தால் வகுப்பில் பாதிப் பேருக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். சில நாள்களில் சரியாகிவிடும். ஆனால் மிக அரிதாகச் சிலருக்கு ஒரு பக்க அடைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும், இரத்தம் கசியும், முகம் வீங்கும். சைனஸ் தொல்லை என்று மருந்து சாப்பிட்டும் குறையாது. இதற்கு ஒரு காரணம், மூக்கிலும் சைனஸ் என்னும் காற்றறைகளிலும் தோன்றும் லிம்போமா என்ற புற்றுநோயாக இருக்கலாம்.

நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை லிம்போசைட்டுகள். இவை கட்டுக்கடங்காமல் பெருகுவதே லிம்போமா. மூக்கில் தோன்றும் லிம்போமாக்களுள் 'என்.கே./டி செல்' வகை கிழக்காசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பிற இடங்களைவிட அதிகம். இதன் அணுக்களுக்குள் எப்ஸ்டீன்–பார் வைரஸ் காணப்படும். 1964இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடலில் இருக்கிறது. ஆனால் புற்று வருவது மிகச் சிலருக்கே.

நோயை எப்படி உறுதி செய்வது? எண்டோஸ்கோப்பை மூக்கினுள் செலுத்தி, சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிக்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல்! இந்தப் புற்று இரத்தக் குழாய்களைச் சிதைப்பதால் சுற்றியுள்ள திசு மடிந்துவிடும். மடிந்த பகுதியை எடுத்தால் நோய் தெரியாது. எனவே பல இடங்களில், ஆழமாகத் திசு எடுக்க வேண்டும்.

நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் காட்டுவது பெட் ஸ்கேன். இது இயற்பியலின் கொடை. ஃபுளோரின்-18 இணைத்த குளுக்கோஸை உடலில் செலுத்துவார்கள். புற்றணுக்கள் அதை மிகுதியாக உறிஞ்சும். அங்கிருந்து வெளிப்படும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் கிளம்பும். அவற்றை இணைக்கும் நேர்கோட்டில்தான் புற்று உள்ளது! அதன் அரை ஆயுள் 110 நிமிடம். அப்படியானால் 220 நிமிடத்தில் எவ்வளவு எஞ்சும்? கால் பங்குதான்.

சிகிச்சையில் கதிர்வீச்சுக்கு முக்கிய இடமுண்டு. மருந்துகளில் சில பயன்படுவதில்லை. கிணற்று நீரை இறைப்பதுபோல், இவ்வணுக்கள் அவற்றை வெளியே இறைத்துவிடுகின்றன. கைகொடுத்தது வேறொரு பொருள். 1953இல் அமெரிக்க அறிஞர் கிட், கினிப் பன்றியின் சீரம் எலிகளின் லிம்போமாவை அழிப்பதைக் கண்டார். அதிலிருந்த அஸ்பராஜினேஸ் என்ற நொதியே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. அது இரத்தத்திலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது. நம் இயல்பான அணுக்கள் அதைத் தாமே தயாரித்துக்கொள்ளும். இப்புற்றணுக்களால் போதிய அளவு முடியாது. பட்டினியால் மடிகின்றன!

நோய் மூக்கோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பலர் குணமடைகிறார்கள். ஆகவே, மாணவர்களே, ஒவ்வொரு தும்மலுக்கும் அஞ்ச வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் ஒரு பக்க அடைப்பையும் இரத்தக் கசிவையும் அலட்சியம் செய்யாமல், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.