பிரைமருக்குள் ஏன் உலோகத்தூள்?

பத்தாம் வகுப்பில் அரிமானம் பற்றிய பாடம். வர்ணம் பூசினால் காற்றும் ஈரமும் உலோகத்தைத் தொடாது, அதனால் அரிமானம் தடுக்கப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெயிண்டிங் வேலை.

"சார், அப்பா அடிக்கிற பிரைமர்ல சிங்க் பவுடர் இருக்காம். டப்பாவே அவ்வளவு கனமாம். மூடி வைக்கிறதுக்கு எதுக்கு சார் மெட்டல்?"

கள்ளிக்குப்பம் பகுதி ஆசிரியர்கள் பலரும் இது போன்ற கேள்வியைச் சந்தித்திருப்பீர்கள். 'தியாக உலோகம்' என்ற பாடக்கருத்தை இதன் வழியே எளிதாக விளக்கலாம்.

சாதாரண வர்ணம் உலோகத்தை மூடி மட்டுமே காக்கும். கீறல் விழுந்தால் அங்கே பாதுகாப்பு இல்லை. துத்தநாகம் செறிந்த பிரைமர் அப்படியல்ல. காய்ந்த படலத்தின் எடையில் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் துத்தநாகம் இருக்கும். துகள்கள் ஒன்றையொன்றும் இரும்பையும் தொட்டுக்கொண்டிருப்பதால் எலக்ட்ரான்கள் செல்ல வழி உண்டு. கீறல் விழுந்த இடத்தில் ஈரம் பட்டால், வினைத்திறன் மிகுந்த துத்தநாகம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது, இரும்பு தப்பிக்கிறது. பிரைமரை நன்றாகக் கலக்காமல் அடித்தால் துகள்கள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். பிறகு அது வெறும் வர்ணம்தான்.

அலுமினியத்துக்கு இது தேவையா? 'அலுமினியம் துருப்பிடிக்காது' என்றே மாணவர்கள் சொல்வார்கள். தூய அலுமினியத்தை அதன் ஆக்சைடு படலம் பெருமளவு காக்கும் என்பது உண்மை. ஆனால் விமானத்துக்கு வலிமை வேண்டும். அதற்காகத் தாமிரம் சேர்த்து உருவானதே டியூராலுமின். இன்றைய விமானங்களில் பயன்படும் 2024 என்ற கலவையில் சுமார் 4 விழுக்காடு தாமிரம் இருக்கிறது. தாமிரம் மிகுந்த நுண்துகள்கள் கேத்தோடாகவும், சுற்றியுள்ள அலுமினியம் ஆனோடாகவும் செயல்படும். உப்பில் உள்ள குளோரைடு ஆக்சைடு படலத்தை உடைக்கும். உலோகத்தில் குழிகள் விழும். நம் ரயில் பாதையிலேயே உள்ள அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து கடல்மேல் பறக்கும் விமானங்களுக்கு உப்புக்காற்று அன்றாடப் பகை.

அப்படியானால் எந்த உலோகத்தைப் பலி கொடுப்பது? பாடநூலின் வினைத்திறன் வரிசையில் துத்தநாகத்துக்கு மேலே அலுமினியம் உள்ளது. ஆனால் அந்த வரிசை ஆக்சைடு படலம் இல்லாத உலோகத்துக்கானது. படலத்தோடு கடல்நீரில் இருக்கும் அலுமினியம், துத்தநாகத்தைவிடக் குறைந்த வினைத்திறனையே காட்டும். மெக்னீசியமோ இரண்டு வரிசையிலும் மேலேயே நிற்கிறது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்டன் பியர்வாகன் குழுவினர் மெக்னீசியம் செறிந்த பிரைமரை உருவாக்கினர். மெக்னீசியம் கரையும் இடத்தில் காரத்தன்மை கூடும். அலுமினியம் காரத்திலும் கரையும் என்பதால் அளவில் கவனம் தேவை. அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் துத்தநாகமும் இண்டியமும் கலந்த அலுமினியத் தூளைப் பயன்படுத்தும் பிரைமரை உருவாக்கினார்கள்.

இந்தத் தேடலுக்குக் காரணம் குரோமேட். விமானப் பிரைமர்களில் நெடுங்காலமாக இருந்துவரும் சிறந்த பாதுகாப்புப் பொருள் அது. ஆனால் அதிலுள்ள, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். அதன் விளைவைக் காண வெளிநாடு போக வேண்டாம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது.

வகுப்பில் செய்து பார்க்க: மூன்று சோதனைக் குழாய்களில் உப்புநீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆணி இடுங்கள். ஒன்று வெறும் ஆணி. ஒன்றில் தாமிரக் கம்பி சுற்றியிருக்கட்டும். மற்றொன்றில் மெக்னீசிய நாடா. சில நாள்களில் தாமிரம் சுற்றிய ஆணி அதிகம் துருப்பிடிக்கும். மெக்னீசியம் குமிழ் விட்டுக் கரையும்; ஆணி பளிச்சென்று இருக்கும். நாடா முழுதும் கரைந்தபின் என்ன ஆகும் என்று மாணவர்களையே ஊகிக்கச் சொல்லுங்கள். பூச்சுக்கும் ஆயுள் உண்டு என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

நம் மாணவர்களில் பலர் நாளை இதே தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவார்கள். டப்பாவில் 'சிங்க்' என்றிருக்கிறதா, 'குரோமேட்' என்றிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, முகக்கவசம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள இந்தப் பாடம் உதவினால், மதிப்பெண்ணைவிட அது பெரிது.