குதிரையோடு கிராமத்து வாழ்க்கையா? புளியறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

புளியறை:
"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்" என்று குதிரையைக் கேலி செய்வார்கள். பட்டணத்தை உதறிவிட்டு, மலையடிவாரத்தில் நாலு ஏக்கர், ஒரு குதிரை, நிம்மதியான வாழ்வு என்று கனவு காணும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கொள்ளு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது!

ஆசை தப்பில்லை. சோகோ நிறுவனத்தை உருவாக்கிய ஸ்ரீதர் வேம்பு, 2019-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவை விட்டு தென்காசி அருகே மத்தளம்பாறைக்கு வந்து குடியேறினார். வேட்டி, சைக்கிள் என்று நாட்டுக்கே தெரிந்த முகமானார். ஆனால் அவருக்குத் தொழில் கூடவே வந்தது. மாதச் சம்பளக்காரர் அப்படிக் கிளம்ப முடியுமா?

மாடு அல்ல, குதிரை!

மாடு வளர்த்த கைக்கும் குதிரை புதுசுதான். 400 கிலோ குதிரைக்கு தினம் 8 முதல் 10 கிலோ உலர்தீனி வேண்டும். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது. மாட்டைப் போல அசை போடாது, வாந்தியும் எடுக்காது. பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்று வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். ரண ஜன்னிக்கு ஊசி போட வேண்டும். கூட்டத்தில் வாழும் பிராணி. ஒற்றையாகக் கட்டிப் போட்டால் ஏங்கிப் போகும்.

சாரல் வந்தால் சங்கடம்

புளியறைக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியே ஜூன் முதல் சாரல் அடிக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஈரத்திலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும். உயரமான, காய்ந்த கொட்டில் கட்டாமல் குதிரை வாங்கவே கூடாது. சாலையிலோ கேரளா போகும் லாரிகள். வடகரை, மேக்கரை பக்கம் தோட்டங்களில் யானை இறங்குவதும் ஊரறிந்த சங்கதி.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் கத்தியவாரி, மார்வாரி குதிரைகளைப் பார்த்து மனசு துள்ளும். வாங்கி லாரியில் ஏற்றுமுன் கால்நடை மருத்துவரின் சான்று கட்டாயம். ‘கிளாண்டர்ஸ்’ நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை, மனிதருக்கும் தொற்றும்.

பாதியாகக் குறைந்தது

நாட்டில் 2012 கணக்கெடுப்பில் 6.2 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகள் 2019-ல் 3.4 லட்சமாகிவிட்டன. குதிரை குறையக் குறைய லாடம் அடிப்பவரையும், குதிரை வைத்தியம் தெரிந்தவரையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள் 3 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். இன்றும் குதிரை வண்டிதான், குதிரை ஏர்தான். அவர்களுக்கு எப்படி முடிகிறது? ஒரு வீட்டுக் களஞ்சியம் எரிந்தால் ஊரே திரண்டு கட்டிக் கொடுக்கிறது. அங்கே தனிக்குடும்பம் குதிரை வளர்க்கவில்லை. ஊர் சேர்ந்து வளர்க்கிறது!

ஆகவே, கிளம்ப நினைப்பவர்கள் முதலில் ஒரு சாரல் காலம் முழுக்க இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கால்நடை மருந்தகம் எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். அக்கம்பக்கத்தாரோடு பழகுங்கள். குதிரையைக் கடைசியில் வாங்கலாம்.

குதிரைக்கு ஆயுள் 25 முதல் 30 வருஷம். இன்று 10 வயசுப் பையனுக்கு ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்தால், அவன் பிள்ளைகுட்டிக்காரன் ஆன பிறகும் அது கொட்டிலில் நின்று தீனி கேட்கும்!