எந்தக் கடன் அட்டை நமக்கு ஏற்றது?

“மேடம், உங்க சம்பளக் கணக்கைப் பார்த்து ஒரு கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு. வாழ்நாள் முழுக்க இலவசம். ஒரு ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க.”

பள்ளி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இப்படியொரு அழைப்பு வராத ஆசிரியர் நம்மில் குறைவு. மாதந்தோறும் தவறாமல் சம்பளம் வரும் வேலை என்பதால் வங்கிகள் நம்மை விரும்பித் தேடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் அட்டையைத் தேர்ந்தெடுப்பது நாமாக இருக்க வேண்டும். அட்டை நம்மைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது.

கடன் அட்டை நல்லதா, கெட்டதா என்று ஆசிரியர் அறையில் விவாதம் நடப்பதுண்டு. ஒருவர் “அதைத் தொடவே கூடாது” என்பார். இன்னொருவர் “பத்து வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு ரூபாய் வட்டி கட்டியதில்லை” என்பார். இருவர் சொல்வதும் அவரவர் அனுபவத்தில் உண்மையே. வேறுபாடு அட்டையில் இல்லை. பில் வந்தபின் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதல் கேள்வி நம்மைப் பற்றியது

எந்த வங்கியின் அட்டை சிறந்தது என்று கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மாத பில் முழுவதையும் கெடு தேதிக்குள் என்னால் கட்ட முடியுமா?

எல்லா மாதமும் முழுவதும் கட்டுபவருக்கு அட்டையின் வட்டி விகிதம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. அவர் வட்டி கட்டப்போவதில்லை. ஆண்டுக் கட்டணம், கிடைக்கும் சலுகை ஆகியவற்றை ஒப்பிட்டால் போதும்.

ஜூன் மாதம் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, இடையில் ஒரு திருமணம் என்று சில மாதங்களில் கை இறுகும் குடும்பத்துக்குச் சலுகைகள் பொருட்டில்லை. அங்கே வட்டி விகிதமும் தாமதக் கட்டணமுமே முக்கியம். அட்டை வாங்குவதையே தள்ளிப்போடலாமா என்ற கேள்வியும் அங்கே எழும். ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குறைந்தபட்சத் தொகை என்னும் வலை

ஓர் ஆசிரியருக்கு ரூ.40,000 பில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று மொத்தத் தொகை. மற்றொன்று குறைந்தபட்சத் தொகை; இது பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவீத அளவில் இருக்கும். அவர் ரூ.2,000 மட்டும் கட்டுகிறார். தாமதக் கட்டணம் வராது. வங்கியிலிருந்து அழைப்பும் வராது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

நிலுவை ரூ.38,000. நம் நாட்டில் பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல். 3.5 சதவீதம் என்றே கொண்டால், ஒரு மாத வட்டி ரூ.1,330. அந்த வட்டியின் மீது 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி ரூ.239. ஆக ரூ.1,569.

அவர் கட்டியது ரூ.2,000, கடன் குறைந்ததோ ரூ.431 மட்டுமே. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும் என்பதால் உண்மையில் சுமை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு. நிலுவை இருக்கும்வரை ‘வட்டியில்லாக் காலம்’ என்ற சலுகை கிடைக்காது. அடுத்த மாதம் அதே அட்டையில் மளிகை வாங்கினால், வாங்கிய அன்றிலிருந்தே அதற்கும் வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

மாதம் 3.5 சதவீதம் என்று கேட்கும்போது சிறியதாகத் தெரிகிறது. ஆண்டுக்கு அது 42 சதவீதம். வரியையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கூறியிருந்தது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே அந்த வரம்பு இன்று இல்லை. விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

இதே ரூ.38,000-ஐ ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வேறிடத்தில் பெற்றிருந்தால் முதல் மாத வட்டி ரூ.380 மட்டுமே. பணியாளர் சிக்கன நாணயச் சங்கக் கடன், நகைக் கடன், சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் தனிநபர் கடன் ஆகிய வழிகள் நமக்கு உள்ளன. அரசு தரும் பண்டிகை முன்பணத்துக்கு வட்டியே கிடையாது. ஏற்கெனவே அட்டையில் நிலுவை வைத்திருப்பவர்கள், இவற்றில் ஒன்றைப் பெற்று அட்டைக் கடனை முதலில் அடைத்துவிடுவதே இலாபம்.

கெடு தேதியும் சம்பளத் தேதியும்

“50 நாள் வரை வட்டி இல்லை” என்ற விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓர் அட்டைக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி பில் போடப்படுகிறது, அதிலிருந்து 20 நாளில் கெடு என்று கொள்வோம். ஜூன் 16 அன்று வாங்கிய பொருள் ஜூலை 15 பில்லில் வரும். ஆகஸ்ட் 4 வரை பணம் கட்டலாம். இது 50 நாள். ஜூலை 14 அன்று வாங்கிய பொருளும் அதே பில்லில்தான் வரும். அதே ஆகஸ்ட் 4 தான் கெடு. இதற்கு மூன்று வாரமே கிடைக்கிறது.

நமக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது. ஆகவே கெடு தேதி 3-லிருந்து 7-க்குள் இருந்தால் சுமை தெரியாது. கெடு 24, 25 என்று விழுந்தால், கையில் பணம் குறைந்திருக்கும் நாளில் பில் நிற்கும். பில் போடும் தேதியை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை அட்டைதாரருக்கு உண்டு. அட்டை கிடைத்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

தானியங்கி முறையில் பணம் பிடிக்க ஒப்புதல் தரும்போது ‘மொத்தத் தொகை’ என்பதைத் தேர்வு செய்திருக்கிறோமா என்று பாருங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று விட்டுவிட்டு, “பணம்தான் மாதாமாதம் போகிறதே” என்று நிம்மதியாக இருந்தால் வட்டி சத்தமின்றி ஏறும்.

இரண்டு அட்டைகள், ஒரு குடும்பம்

இப்போது முழுவதும் கட்டுபவரின் தேர்வுக்கு வருவோம். ஒரு குடும்பம் அட்டையில் மாதம் ரூ.8,000 செலவிடுகிறது: மளிகை ரூ.4,000, பெட்ரோல் ரூ.2,000, மின்கட்டணம், கைபேசி முதலியன ரூ.2,000. ஆண்டுக்கு ரூ.96,000.

முதல் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. எல்லாச் செலவுக்கும் அரை சதவீதம் திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்குக் கிடைப்பது ரூ.480.

இரண்டாவது அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.1,000, வரியுடன் ரூ.1,180. ஒன்றரை சதவீதம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பெட்ரோலுக்கு இல்லை. ஆக ரூ.72,000-க்கு ரூ.1,080. கட்டணத்தைக் கழித்தால் ரூ.100 நட்டம்.

“ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் செலவிட்டால் கட்டணம் தள்ளுபடி” என்று சொல்வார்கள். இந்தக் குடும்பம் அதை எட்ட இன்னும் ரூ.54,000 செலவழிக்க வேண்டும். ரூ.1,180-ஐ மிச்சப்படுத்த ரூ.54,000-க்குத் தேவையற்ற பொருள் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

அட்டையின் பலனை மதிப்பிட இந்தச் சிறிய கணக்கே போதும். விமான நிலைய ஓய்வறை, திரையரங்கச் சலுகை போன்றவற்றில் சென்ற ஆண்டு நாம் உண்மையில் பயன்படுத்தியிருக்கக்கூடியவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். முன் கணக்கோடு ஒப்பிட்டும் பாருங்கள்: முதல் அட்டை மூன்று ஆண்டில் தரும் மொத்தப் பலன் ரூ.1,440. ஒரே ஒரு மாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வட்டியும் வரியுமாகப் போவது ரூ.1,569.

வேறு கட்டணங்கள்

ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது: கடன் அட்டையில் இதைத் தவிர்த்துவிடுங்கள். பல வங்கிகளில் குறைந்தபட்சக் கட்டணமே ரூ.500 அளவில் உள்ளது. வட்டியில்லாக் காலமும் கிடையாது. ரூ.10,000 எடுத்து ஒரு மாதம் கழித்துக் கட்டினால் கட்டணம், வட்டி, வரி எல்லாம் சேர்ந்து சுமார் ரூ.1,000 ஆகிவிடும்.

தவணை முறை: “வட்டியில்லாத் தவணை” என்பதில் செயலாக்கக் கட்டணமும் வரியும் இருக்கலாம். அசல், வட்டி, தள்ளுபடி ஆகியவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த விவரத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டே சம்மதிக்க வேண்டும்.

யு.பி.ஐ.: ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ. செயலியில் இணைத்துக் கடைகளில் பயன்படுத்தலாம். வசதிதான். ஆனால் தேநீர்க் கடை முதல் காய்கறிக் கடை வரை எல்லாமே கடனாகிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் உரிமைகள்

கடன் அட்டைகளுக்கான ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் 2022-இல் வெளியாயின. அவற்றில் நாம் அறிந்திருக்க வேண்டியவை:

• விண்ணப்பத்துடன் வட்டி, கட்டணங்கள் அடங்கிய ஒரு பக்க விவரக் குறிப்பைத் தர வேண்டும். அட்டைகளை ஒப்பிட விளம்பரத்தை விட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

• கேட்காமல் அட்டை அனுப்பக் கூடாது. அனுப்பி, கட்டணமும் வசூலித்தால், அதைத் திருப்பித் தருவதுடன் அதைப்போல் இரு மடங்கை அபராதமாகவும் தர வேண்டும்.

• நம் ஒப்புதல் இல்லாமல் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது.

• கெடு தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். அதுவும் கட்டாமல் நின்ற தொகையின் மீது மட்டுமே.

• நிலுவை இல்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.500 நமக்குத் தர வேண்டும்.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தகவலுக்கு 14448 என்ற எண் உள்ளது. பணம் மோசடியாகப் பறிபோனால் உடனே வங்கிக்குத் தெரிவித்துவிட்டு 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தொலைபேசியில் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அழைப்புக்கும் பதில் அதுவே. உண்மையிலேயே அட்டை வேண்டுமென்றால் வங்கிக் கிளைக்கு நேரில் செல்லலாம்.

வீட்டுக்கடன் வாங்க எண்ணியிருப்பவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். தாமதமாகக் கட்டும் பில்கள் கடன் மதிப்பெண் அறிக்கையில் பதிவாகக்கூடும். ஒரே நேரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பிப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். இந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். அட்டையை முறையாகப் பயன்படுத்தி மதிப்பெண்ணை வளர்த்துக்கொள்ளவும் முடியும். அதற்கு ஓர் அட்டையே போதுமானது.

வகுப்பறைக்கும் ஒரு கணக்கு

எட்டாம் வகுப்புக் கணிதத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் சதவீதம், சரக்கு மற்றும் சேவை வரி, கூட்டு வட்டி எல்லாம் உள்ளன. மேலே கண்ட ரூ.40,000 பில்லை அப்படியே கரும்பலகையில் எழுதலாம். ஒரு குழு மொத்தத் தொகையையும், மற்றொரு குழு குறைந்தபட்சத் தொகையையும் கட்டட்டும். ஆறு மாதம் கழித்து யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்று அட்டவணை போடச் சொல்லுங்கள். சில ஆண்டுகளில் அந்த மாணவர்களுக்கும் வேலை கிடைக்கும்; அவர்களுக்கும் இதே அழைப்பு வரும். அன்று இந்த அட்டவணை அவர்கள் நினைவுக்கு வந்தால் அது நம் பாடத்தின் பயன்.

அதற்கு முன் நம் வீட்டுக் கணக்கை ஒரு முறை பார்த்துவிடுவோம். கடந்த பன்னிரண்டு மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மாதங்களில் சம்பளத்துக்குள் செலவு அடங்கியது என்று எண்ணுங்கள். பன்னிரண்டும் அடங்கியிருந்தால், கட்டணமில்லாத எளிய அட்டை ஒன்றைத் தயங்காமல் வாங்கலாம். அடங்காத மாதங்கள் பல இருந்தால், சிறு சேமிப்பு ஒன்றைத் தொடங்கிக் கையில் ஒரு மாதச் சம்பளம் சேர்ந்தபின் அட்டையைப் பற்றி யோசிக்கலாம்.