குப்பைமேட்டு வாசலைக் கட்டியவர் யார்?



2016-ஆம் ஆண்டு ஸ்வச் சர்வேக்ஷன் கணக்கெடுப்பில் 73 நகரங்களுள் முதலிடம் பெற்றது நம் மைசூரு. அதே மைசூருவின் வித்யாரண்யபுரத்தில் பல்லாண்டுக் குப்பை மலையாய்க் குவிந்து, சுற்றிலும் குடியிருந்தோர் துர்நாற்றத்தில் தவித்தனர். மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுத்த சகோதரியின்மேல் அக்குற்றத்தைச் சுமத்தலாமா?

இஸ்ரவேலன் ஒவ்வொருவனும் பாளயத்துக்குப் புறம்பே தன் கழிவை மூடும்படி ஒரு சிறுகோலை வைத்திருக்கவேண்டும் என்பது உபாகமம் 23-ஆம் அதிகாரத்தின் கட்டளை. நாம் பிரசங்கிப்பது பெரும்பாலும் இந்தச் சிறுகோலைத்தான். எருசலேமின் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவனோ ஒரு மாகாணத்துப் பிரபு (நெகேமியா 3:14). தனியொருவனின் சிறுகோலால் ஆகிற வேலையா அது?

ஆகவே மாநகராட்சியில் மனுக் கொடுப்பது விசுவாசிக்கு அடாத காரியமன்று. சபையும் ஒரு நிறுவனந்தானே! மனுவில் கையொப்பமிடுமுன், அன்பின் விருந்து முடிந்தபின் அந்தப் பிளாஸ்டிக் தம்ளர்கள் எங்கே போகின்றன என்று உங்கள் மூப்பர்களிடம் கேளுங்கள்.