என் பங்குக்கு முதலாளி யார்?

தேசிய சேவைக் காலத்தில் சேமித்த 2,000 வெள்ளியைத் தொழில்நுட்பப் பங்குகளில் முதலீடு செய்யச் சென்ற ஆண்டு முடிவெடுத்தேன். லாபம், வளர்ச்சி, பங்கு விலை எல்லாவற்றையும் அலசி ஒரு பட்டியல் தயாரித்தேன். அதைப் பார்த்த என் மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரிடா. இந்த நிறுவனங்களில் பெரும்பான்மைப் பங்கு யாரிடம் இருக்கிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. டெல் நிறுவனத்தின் கதையைப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

அமெரிக்காவின் டெல் நிறுவனம் 2016ல் இஎம்சி நிறுவனத்தை வாங்கியது. விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பங்குகள் இஎம்சியிடம் இருந்தன. இஎம்சியின் பங்குதாரர்களுக்கு டெல் ஒரு பகுதியை ரொக்கமாகவும் மறுபகுதியைப் புதுவகைப் பங்குகளாகவும் கொடுத்தது. அவை விஎம்வேரின் மதிப்பைப் பின்தொடரும் பங்குகள். ஆனால், சட்டப்படி அவை டெல்லின் பங்குகளே. டெல்லின் கட்டுப்பாடோ மைக்கல் டெல், சில்வர் லேக் முதலீட்டு நிறுவனம் ஆகிய தரப்புகளிடம் இருந்தது.

இந்த வேறுபாடு விலையில் தெரிந்தது. 2018 ஜூன் இறுதியில் விஎம்வேர் பங்கு ஏறத்தாழ 147 அமெரிக்க டாலர். அதைப் பின்தொடர்ந்த பங்கோ ஏறத்தாழ 85 டாலர்தான்.

அடுத்த மாதம், அந்தப் பங்குகளைத் தலா 109 டாலர் மதிப்பில் ரொக்கமாகவோ டெல்லின் சாதாரணப் பங்குகளாகவோ மாற்றிக்கொள்ள டெல் முன்வந்தது. மறுத்தால், டெல் பங்குச் சந்தையில் நுழைந்து, அவற்றைத் தன் சாதாரணப் பங்குகளாகக் கட்டாயமாக மாற்ற விதிகளில் இடமிருந்தது.

“85 டாலர் பங்குக்கு 109 டாலர் நல்ல விலைதானே மாமா?”

“விலையைச் சொல்பவரும் அவர்தான், வாங்குபவரும் அவர்தான். விற்பவருக்கு வேறு வழி இல்லை. இதற்குப் பேரம் என்றா பெயர்?”

ஆனால், சிறுபான்மைப் பங்குதாரர்களிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கட்டுப்படுத்தும் தரப்பைச் சேராதவர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால்தான் திட்டம் நிறைவேறும். கார்ல் ஐக்கான் உள்ளிட்ட முதலீட்டாளர்கள் எதிர்த்தார்கள். நவம்பரில் சலுகை 120 டாலராக உயர்ந்தது. டிசம்பர் வாக்கெடுப்பில் திட்டம் நிறைவேறியது. அப்போதும் விலை குறைவு என்று டெலவேர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1 பில்லியன் டாலர் சமரசத் தொகையுடன் 2023ல் அது முடிவுக்கு வந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. 2019 ஜூலை முதல், ஒரு நிறுவனம் தானாக முன்வந்து சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலிருந்து விலக, வாக்களிக்கப்பட்ட பங்குகளில் 75 விழுக்காட்டின் ஆதரவு வேண்டும். பங்குகளை வாங்க முன்வரும் தரப்பும் அதன் கூட்டாளிகளும் அதில் வாக்களிக்க முடியாது. வழங்கப்படும் விலை நியாயமானதாகவும் ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

பெரிய பங்குதாரர் இருப்பதே கெடுதல் என்று சொல்ல முடியாது. பொறுமையாக முதலீடு செய்து நிறுவனத்தை வளர்ப்பவரும் அவராக இருக்கலாம். ஆனால், அவருடைய நலனும் நம் நலனும் பிரியும் நாளில் முடிவெடுப்பவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

என் பட்டியலில் இருந்த ஒரு நிறுவனத்தின் 70 விழுக்காடு அதன் தாய் நிறுவனத்திடம் இருப்பதைப் பிறகுதான் கண்டேன். அதை ஒதுக்கவில்லை, நினைத்ததில் பாதித் தொகையை மட்டும் போட்டேன். இப்போதெல்லாம் விலையைப் பார்க்கும் முன், ஆண்டறிக்கையின் இறுதிப் பக்கங்களில் உள்ள பங்குதாரர் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறேன்.